ஒரே டப்பா, இரண்டு கூரை: அல்சூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 மார்ச் மாதம் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. போர்வெல்கள் வற்றிப்போய், டேங்கர் லாரிக்குச் சொல்லிவிட்டுத் தெருத் தெருவாக ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். அந்த மாதத்தில்தான் அல்சூரில் ஒரு பழைய வீட்டின் ஹால் கூரையில் ஈரக்கறை புதிதாகப் பரவ ஆரம்பித்தது. நல்ல மழை என்று ஒன்று பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. மொட்டை மாடிக்கு வாட்டர் புரூஃபிங் செய்தும் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. செய்தது வெளியாள் இல்லை, வீட்டின் மகன்.

பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்த்துவிட்டு. சொந்தக் கையால் வீட்டு வேலை பார்க்கும் இளைஞர்களைக் கேலி செய்ய இது எழுதப்படவில்லை. இந்த மகன் செய்த வேலையில் கைத்திறன் குறை எதுவும் இல்லை. கலவை சரியாக இருந்தது, டப்பாவில் போட்டிருந்தபடி இரண்டு கோட் அடித்திருந்தார், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் விட வேண்டிய நேரத்தையும் விட்டிருந்தார். காசு வாங்கிக்கொண்டு வருகிற பல கான்ட்ராக்டர்கள் இவ்வளவு ஒழுங்காகச் செய்வதில்லை. அப்படியிருந்தும் கூரை இரண்டு அங்குலம் தொய்ந்தது.

வீடு எப்படிக் கட்டப்பட்டது

1809-இல் பெங்களூரில் படைமுகாம் அமைந்த பிறகு, அதைச் சுற்றி வளர்ந்த கன்டோன்மென்ட் பகுதிக்கு மதராஸ் மாகாணத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களோடு கட்டும் முறையும் வந்தது. அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் சந்துகளில் இன்றும் மிச்சமிருக்கும் பழைய வீடுகள் பலவற்றுக்கு மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ். நம் பாட்டிமார் மச்சு என்று சொன்னது இதைத்தான்.

இந்த வீடு 1930-களில் கட்டப்பட்டது என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். சுவரின் கனமும் ஜன்னலின் வேலைப்பாடும் அதற்குப் பொருந்துகின்றன. மண் கலவையில் கட்டிய 14 அங்குலச் செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புக் காரை. கிழக்குச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. அவர்கள் வீட்டுக் கட்டைகளும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஹால் 14-க்கு 12 அடி. அடிக்கு ஒன்றாக 3-க்கு 5 அங்குலத் தேக்குக் கட்டைகள் 12 அடி அகலத்தைத் தாண்டுகின்றன. கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, நேர்க்கோட்டில் இல்லாமல் மூலைவாட்டாக, சுண்ணாம்புக் கலவையில் வரிசை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதன் மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம். அதன் மேல் சுண்ணாம்பில் பதித்த தட்டையான ஓடு, அதாவது தட்டோடு. மொத்தக் கனம் எட்டு அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட. எடை சதுர அடிக்கு 30 முதல் 35 கிலோ. ஐந்து அங்குல ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தளம் சதுர அடிக்கு 29 கிலோதான் வரும். பழைய மச்சு என்றால் லேசானது என்று பலர் நினைக்கிறார்கள். கான்கிரீட்டைவிடக் கனமானது அது.

வீட்டின் பின்பக்கம் சமையலறை மட்டும் 1970-களில் புதிதாகச் சேர்த்தது. அதற்கு ஆர்.சி.சி. தளம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மொட்டை மாடி போலத் தெரியும். இந்தக் கதையில் சமையலறைக்கு முக்கியமான பங்கு இருக்கிறது.

என்ன செய்தார்கள்

2019-இல் மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் வைத்தார்கள். பொருத்த வந்தவர்கள் ஸ்டாண்டின் நாலு காலையும் டிரில் போட்டு ஆங்கர் போல்ட்டால் தளத்தில் இறுக்கிவிட்டுப் போனார்கள். கான்கிரீட் என்றால் இதில் பெரிய தப்பு இல்லை. இங்கே ஒவ்வொரு ஓட்டையும் தட்டோட்டைத் துளைத்துக்கொண்டு நேரே சுண்ணாம்பு ஜல்லிக்குள் போனது.

2022-இல் பெங்களூரில் வரலாறு காணாத மழை. ஆண்டு மழை 1,700 மில்லிமீட்டரைத் தாண்டியது. வழக்கமாக இந்த ஊர் பார்ப்பது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த செப்டம்பரில் ஹாலில் ஒழுகியது. தண்ணீர் வெளியேறும் தூம்பில் இலையும் மண்ணும் அடைத்திருந்தது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் வெடிப்பு விட்டிருந்தது, ஒரு அரசங்கன்று வேறு அங்கே முளைத்திருந்தது. அப்போதே தூம்பைச் சுத்தம் செய்து, கன்றை வேரோடு எடுத்து, வெடிப்பைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தால் சில ஆயிரங்களில் முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் சொல்ல ஆள் வேண்டுமே. கூப்பிட்ட ஒவ்வொரு மேஸ்திரியும் மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: “மேல ரெண்டு இஞ்ச் சிமெண்ட் போட்டு, வாட்டம் குடுத்து, கெமிக்கல் அடிச்சிடலாம் சார்.”

அவர்கள் கேட்ட கூலியைப் பார்த்துவிட்டு மகன் தானே இறங்கினார். 2023 ஜனவரி, பிப்ரவரியில் சனி ஞாயிறுகளில், சித்தப்பா மகனையும் கூலிக்கு ஒரு சித்தாளையும் வைத்துக்கொண்டு, 420 சதுர அடி மாடி முழுவதற்கும் சிமெண்ட் தளம் போட்டு, அதன் மேல் ஃபைபர் மெஷ் ஒட்டி அக்ரிலிக் பூச்சு அடித்தார். ஹீட்டருக்குப் போகும் பைப்புகளைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் ஸ்டாண்டை நகர்த்தவில்லை; கால்களைச் சுற்றிப் பூசிவிட்டார். செலவு முப்பத்தைந்தாயிரம் சொச்சம். அந்த வருட மழையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

அந்த வெற்றிதான் அடுத்த வேலைக்குத் தைரியம் கொடுத்தது. 2023 தீபாவளிக்குள் ஹாலில் ஜிப்சம் போர்டு ஃபால்ஸ் சீலிங். பழைய கறை, கட்டை, சுண்ணாம்பு எல்லாம் மறைந்து, வெள்ளையாக, வட்ட வட்டமாக எல்.இ.டி. விளக்கு.

முதலில் விழுந்தது ஆர்.சி.சி.பி.

வந்த அறிகுறிகளை யாரும் கூரையோடு சேர்த்துப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழ ஆரம்பித்தது. அது மின்கசிவுக்கான பாதுகாப்பு சுவிட்ச்; 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் வகை. எலெக்ட்ரீஷியன் வந்து இரண்டு விளக்குகளை மாற்றினார். ஒரு வாரம் நின்றது, மறுபடி விழுந்தது. இன்னொருவர் ஆர்.சி.சி.பி.யையே எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் போட்டுவிடலாம் என்றாராம். நல்லவேளை, அப்பா பொதுத்துறைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒத்துக்கொள்ளவில்லை. பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்தால் முதலில் ஈரத்தைத் தேட வேண்டும். விளக்கைத் தேடுவது அதற்கப்புறம்.

பிறகு சீலிங்கில் கறை. பிறகு பூஞ்சை வாடை. கடைசியாக, மே முதல் வாரத்தில் கோடை மழை தூறிய ஒரு சாயங்காலம், விளக்குப் பொருத்திய ஓட்டைகள் வழியாக வீட்டுக்குள்ளே ஈசல் கொட்டியது. “வெளியிலருந்து விளக்குக்கு வந்திருக்கும்னு ரெண்டு பேரும் சொன்னாங்க சார். ஜன்னலெல்லாம் மூடித்தான் இருந்துச்சு. மேலேருந்துதான் வந்துச்சு, நான் கண்ணால பாத்தேன்,” என்றார் அம்மா. அந்த வீட்டில் சரியான முதல் கணிப்பு அவருடையதுதான். ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான். சீலிங்குக்குள்ளிருந்து வருகிறதென்றால் கரையான் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது, அதற்குத் தேவையான ஈரமும் அங்கேயே இருக்கிறது.

திறந்து பார்த்தபோது

ஜிப்சம் பலகைகளைக் கழற்றச் சொன்னேன். மேலே ஏறுவதற்கு முன்னால் கீழிருந்து முட்டுக் கொடுக்கச் சொன்னேன். எந்தக் கட்டை எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரியாதபோது அதன் மேல் நாலு பேர் ஏறி நிற்பது புத்திசாலித்தனமில்லை. டியூப் லெவல் பிடித்துப் பார்த்ததில் ஹாலின் நடுக்கட்டைகள் சுவரோரத்தைவிட இரண்டு அங்குலம் இறங்கியிருந்தன. இதில் ஒரு பங்கு தொண்ணூறு வருடத் தொய்வாக இருக்கலாம். ஆனால் செங்கல் இடுக்குகளில் விட்டிருந்த வெடிப்பு புதிது. உள்ளே தூசியோ சிலந்திக் கூடோ இல்லை, விளிம்பு வெள்ளையாக இருந்தது.

கட்டைகளைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடுப்பகுதி தட்டினால் கணீரென்றது. மரம் கெடுவது நாம் பார்க்கும் இடத்தில் இல்லை, சுவருக்குள் புதைந்திருக்கும் கடைசி ஆறேழு அங்குலத்தில். மரத்தின் வெட்டுமுனை பக்கவாட்டைவிட வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். சுவருக்குள் காற்றும் படாது. சுவரோரம் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால், பதின்மூன்றில் நாலு கட்டைகளில் முனை உக்கிப்போய் அரை அங்குலம் வரை உள்ளே இறங்கியது. வேறு இரண்டில் கரையான் வழி போட்டிருந்தது. ஈரமானியில் அந்த முனைகள் 30 சதவீதத்துக்கு மேல் காட்டின. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கதவு திறந்ததாக அர்த்தம். இதே கருவியைக் காரையில் குத்தி எண் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் அளவுகோல் மரத்துக்கானது. காரையில் அது ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் சொல்லும்.

மாடியில் அக்ரிலிக் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றைக் கத்தியால் கீறினேன். தண்ணீர் வடிந்தது. மகன் கீழே உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மேலேருந்து ஒரு சொட்டு உள்ள போகலன்னுதானே நெனச்சேன்,” என்றார். அவர் நினைத்தது சரி. கொப்புளத்துத் தண்ணீர் கீழிருந்து வந்தது. வெயிலில் தளம் காயும்போது உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி மேலே வரப் பார்க்கிறது. வழி அடைத்திருப்பதால் பூச்சைத் தூக்குகிறது.

அடுத்து சமையலறைப் பக்கம் போனோம். அங்கே ஒரு கொப்புளம் இல்லை. பூச்சு ஒட்டிய இடத்தில் ஒட்டியபடி இருந்தது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாள்களை இரண்டு பக்கமும் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு மறுநாள் பார்த்தோம். ஹாலின் மேல், பூச்சை ஓர் அடிக்குச் சுரண்டிவிட்டு வைத்த தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். சமையலறை மேல் அதே மாதிரி சுரண்டி வைத்த தாள் காய்ந்து கிடந்தது. அதே டப்பா, அதே கைகள், அதே சனி ஞாயிறு. கீழே இருந்த கூரைதான் வேறு. இந்த வீட்டில் நடந்தது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த மாதிரி டப்பாக்களில் போட்டிருக்கும் செய்முறை கான்கிரீட் தளத்தை மனதில் வைத்து எழுதப்படுவது. கான்கிரீட்டில் வேலை ஒன்றுதான், தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பது. கொஞ்சம் ஈரம் மாட்டிக்கொண்டாலும் அதற்குள் உக்குவதற்கு மரம் இல்லை. சுண்ணாம்பு மச்சு மழையில் கொஞ்சம் நனையத்தான் செய்யும். நனைந்த ஈரம் மேலே வெயிலிலும் கீழே அறையின் காற்றிலும் காய்ந்துவிடும். தொண்ணூறு வருடம் அது அப்படித்தான் ஓடியது. மேல் வழியை 2023 பிப்ரவரியில் அடைத்தார்கள், கீழ் வழியைத் தீபாவளிக்கு அடைத்தார்கள்.

சரி, மழையில்லாத மார்ச்சில் தண்ணீர் எங்கிருந்து?

இதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. மாட்டிக்கொண்ட பழைய ஈரம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, கறை வளர்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள். கான்கிரீட்டுக்கு அது நல்ல சோதனை. இங்கே நாலு அங்குலம் தேக்கினால் சதுர அடிக்கு இன்னும் ஒன்பது கிலோவுக்கு மேல் ஏறும். உக்கிய கட்டைகளின் மேல் அதைச் செய்பவருக்குத் துணிச்சல் இருக்கலாம், எனக்கில்லை.

துப்பு கிடைத்தது ஹீட்டர் ஸ்டாண்டின் தென்கிழக்குக் காலில். தொட்டியின் அடியிலிருந்து காலின் உட்பக்கமாக ஒரு வெள்ளைக் கோடு, அடித்தகடு வரை. பெங்களூர் போர்வெல் தண்ணீரின் உப்பு. குளிர்ந்த தண்ணீர் வரும் குழாய் தொட்டியோடு சேரும் இணைப்பில் வாஷர் போயிருந்தது. நின்று பார்த்தால் ஒரு சொட்டு விழுவது தெரியாது. காலோடு ஒட்டிக்கொண்டு வழிந்து தகட்டுக்கு அடியில் போய், போல்ட் ஓட்டைக்குள் இறங்கியது. பூச்சு தகட்டைச் சுற்றித்தான் இருந்தது, அடியில் இல்லை.

உறுதி செய்ய, இணைப்பின் வால்வை மூடிவிட்டு, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து அந்தத் தகட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். மறுநாள் காலை ஹால் கூரையில் மங்கலான நீலம். ஆனால் காலுக்கு நேர்கீழே இல்லை, ஐந்தடி தள்ளி, சுவரோரம். மூலைவாட்டாக நிறுத்திய செங்கல் வரிசைகளின் இடுக்கு வழியே தண்ணீர் சாய்வாக ஓடி, கட்டையின் முனையில் போய் நின்றிருக்கிறது. கறையைப் பார்த்துவிட்டு அதற்கு நேர்மேலே பூசுகிறவர்கள் மெட்ராஸ் டெரஸில் ஏமாறுவது இதனால்தான்.

எடைக் கணக்கு

மகன் எல்லா பில்லையும் வைத்திருந்தார். 15 மூட்டை சிமெண்ட், அதாவது 750 கிலோ. எம்-சாண்ட் 80 கன அடி, சுமார் 3,600 கிலோ. வீணானதைக் கழித்து, கலவையில் தங்கிய தண்ணீரைக் கூட்டினால் நாலு டன்னுக்குச் சற்று மேல். 420 சதுர அடியில் பரப்பினால் சதுர அடிக்குப் பத்து கிலோ. நடமாட்டம் உள்ள மொட்டை மாடிக்கு, கட்டடப் பளுவுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 எடுத்துக்கொள்ளச் சொல்லும் பளு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன். நம் கணக்கில் சதுர அடிக்கு சுமார் 14 கிலோ. அதாவது, வடாம் காயப்போடவும் விருந்தாளிகள் மாடியில் நின்று பேசவும் வைத்திருந்த தாங்குசக்தியில் பெரும்பகுதியைச் சிமெண்ட் நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. அதோடு ஹால் நடுவில் நின்ற ஹீட்டரில் தண்ணீர் மட்டும் 200 கிலோ. நனைந்த சுண்ணாம்பு ஜல்லியின் எடையும் கூடியிருக்கும்.

எடை மட்டும் இந்தக் கட்டைகளை முறித்திருக்காது. முழு நீளமும் வைரம் பாய்ந்த தேக்கு. கணக்கில் பார்த்தால் அனுமதித்த அளவைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் முனை உக்கிய கட்டைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆறங்குலம் உட்கார்ந்திருக்க வேண்டியது இரண்டு அங்குலத்தில் உட்கார்ந்திருந்தது.

யார் மேல் பழி என்று உறவுக்காரர்கள் கேட்டபடியே இருந்தார்கள். மகன் மேல் போடுவது எல்லோருக்கும் வசதி. என் கணிப்பு வேறு. தொடக்கம் டிரில் போட்டவர்கள். வாட்டர் புரூஃபிங் அதைப் பெரிதாக்கியது. கெடுதலை ஆபத்தாக மாற்றியது ஃபால்ஸ் சீலிங். அது இல்லாமலிருந்தால் முதல் கறையிலேயே, முதல் கட்டையிலேயே பிடித்திருக்கலாம். பழைய மச்சுக்கு அடியில் சீலிங் அடிப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன். அழகைப் பற்றிய பேச்சே இல்லை, கட்டை கண்ணில் பட வேண்டும்.

சரிசெய்தது

ஆர்.சி.சி.க்கு மாறிவிடலாமா என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. செலவும் கொஞ்சம் குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும், எடையும் கூடாது. தடையாக நின்றது கிழக்குப் பொதுச்சுவர். மண் கலவைச் சுவர். அதன் தலையை உடைத்துக் கான்கிரீட் பெல்ட் போட்டால் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக் கட்டைகள் ஆட்டம் காணும். தனி வீடாக இருந்திருந்தால் நானே ஆர்.சி.சி. என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

சிமெண்டை எடுத்ததுதான் கஷ்டமான கட்டம். பிரேக்கர் மிஷின் வைத்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். அந்த அதிர்வில் அடியிலிருக்கும் சுண்ணாம்பும் உதிர்ந்துவிடும். கிரைண்டரால் இரண்டடிக் கட்டமாகக் கீறி, உளியால் நெம்பித் தூக்கினார்கள். எடுத்த கட்டியை மாடியில் குவிக்க விடவில்லை, அன்றன்றே கீழே. சமையலறை மேல் கை வைக்கவில்லை.

ஜூன் வந்துவிட்டது. தண்ணீரில் ஊறிக் கிடக்கும் சுண்ணாம்பின் மேல் புதுச் சுண்ணாம்பு போட முடியாது, மழையில் அது இறுகவும் செய்யாது. சாரம் கட்டி, தளத்துக்கு மேலே மூன்றடி இடைவெளி விட்டுத் தகரக் கூரை போட்டோம். மழை படாமல் காற்று மட்டும் ஓட. 2024 அக்டோபர் மழையை அந்தத் தகரம்தான் தாங்கியது. செலவில் இந்த ஓர் இனத்தைக் கேட்டுத்தான் அப்பாவுக்குக் கோபம் வந்தது, “காய வெக்கிறதுக்கா இவ்ளோ பணம்?” என்று. மாதத்துக்கு ஒரு முறை எடுத்த அளவைக் காட்டினேன். 30-க்கு மேல் இருந்த முனைகள் ஜனவரியில் 17, 18-க்கு வந்திருந்தன. அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

கட்டைகளில் முனை உக்கிய நாலையும் நல்ல மரம் வரை அறுத்து, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் முடுக்கி, சுவரில் கல் பலகையின் மேல் உட்கார வைத்தோம். கரையான் அரித்த இரண்டையும் மாற்றினோம். இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் பழைய தேக்கு கிடைத்தது. எல்லா முனைகளுக்கும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசி, சுவருக்குள் முனையைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி விட்டோம். கலவை போட்டு அடைத்துவிட மேஸ்திரிகளின் கை துடிக்கும். பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும்.

சுண்ணாம்பு வேலைக்கு திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு வயதான மேஸ்திரி வந்தார். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, செங்கல் பொடி கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, ஜல்லித் தளத்தை மரக்கட்டையால் நாள் முழுக்க அடித்தார்கள். கடுக்காய் மகிமையைப் பற்றி இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அதற்குப் பலன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரையில் நல்ல தளத்தையும் மோசமான தளத்தையும் பிரிப்பது அடிதான். கட்டை துள்ளித் திரும்பும் வரை அடிக்க வேண்டும், அதற்குக் கூலி கொடுக்க மனம் வேண்டும். மகன் அவரிடம், மேலே நிறமில்லாத ஏதாவது பூச்சு அடிக்கலாமா என்று கேட்டார். “இது மழைய குடிக்கும், வெயில்ல கக்கும் தம்பி. வாய கட்டாதீங்க. வருசா வருசம் இடுக்குல சுண்ணாம்பு வெச்சித் தேச்சா போதும்,” என்றார். அந்த வருடாந்திர வேலையை மகன் அவரிடமே கற்றுக்கொண்டார். சொந்தக் கையால் செய்ய ஏற்ற வேலை அது.

ஹீட்டர் இப்போது ஹாலின் நடுவில் இல்லை. சுவர்களின் நேர்மேலே இரண்டு செங்கல் மேடை, அவற்றின் மேல் இரண்டு இரும்பு ஐ-பீம், அதன் மேல் ஸ்டாண்ட். தளத்தில் ஒரு போல்ட்டும் இல்லை. ஹாலில் சீலிங் போய், கட்டைகளுக்கு நடுவே சுண்ணாம்பு அடித்து விட்டாயிற்று. ஒயரிங் புதிதாகச் சுவர் வழியே. மொத்தச் செலவு ஐந்தரை லட்சத்தை ஒட்டி.

உங்கள் மொட்டை மாடி எந்த வகை என்று தெரியாவிட்டால், டப்பா வாங்குவதற்கு முன்னால் மூன்று இடத்தில் பாருங்கள். கீழிருந்து கட்டையும் அதற்கு மேல் சாய்வான செங்கல் வரிசையும் தெரிகிறதா. தூம்பு வாயில் தளத்தின் கனம் ஏழெட்டு அங்குலம் இருக்கிறதா. மேலே தட்டோடு, அதன் இடுக்கில் சாம்பல் நிறச் சிமெண்டா, வெளுத்த சுண்ணாம்பா. சீலிங் மறைத்திருந்தால் ஒரு விளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். பழைய வீடுகளில் பாதி மச்சும் பாதி கான்கிரீட்டுமாக இருப்பது சகஜம், அதனால் அறைக்கு அறை பார்க்க வேண்டும்.

2025 மழைக்காலம் முடிந்து எடுத்த அளவில் ஹால் கட்டைகள் 14-க்கும் 17-க்கும் இடையில். கிழக்குப் பொதுச்சுவரில் உட்காரும் இரண்டு முனைகள் மட்டும் இன்னும் 22. அந்தச் சுவரின் கைப்பிடியில் பக்கத்து வீட்டுப் பக்கம் சிமெண்ட் பூச்சு வெடித்து நிற்கிறது, அவர்கள் மாடித் தண்ணீரும் அங்கேதான் தேங்குகிறது. அதை உரித்துச் சுண்ணாம்பு பூச அவர்கள் மாடியில் சாரம் போட வேண்டும். அம்மாவும் அந்த வீட்டு அக்காவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இப்போதைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.